கடிதத்தில் அச்சோவியத்தை வரைந்து அனுப்புகிறவர்களுக்கு

சென்ற மாதம் பட்டறையில் ஒரு மாணவி தன் மாமாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். தான் செய்துகொண்டிருக்கும் எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து எடுக்கும் அச்சு) எப்படி வரும் என்று காட்ட, தாளின் ஓரத்தில் மைப்பேனாவால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு சிறு படம். எட்டிப் பார்த்தேன். எதிரே கிடந்த செம்புத் தகட்டைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு காலத்தில் செய்த அதே பிழை. கோடு கோணுவதையும் மை சிந்துவதையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை தானே சரியாகிவிடும்.

தகட்டைப் பார்த்து வரைவது

தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்ததும் கண் முன்னே இருப்பது தகடுதான், கை அதைத்தான் பின்பற்றுகிறது.

மீன் நறுக்கும் பெண் ஒருத்தியை, அச்செடுப்பதற்காகச் செதுக்கும் மென்மையான லினோ தகட்டில் செதுக்கியிருந்தேன். அச்சு எடுப்பதற்கு முன்பே, புத்தகம் போடும் நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் வரைந்து அனுப்பினேன், லினோவைப் பார்த்து. அவருக்குப் படம் பிடித்துவிட்டது. பெண் இடப்பக்கம் திரும்பியிருந்ததால் அவள் முன்னால் இருந்த வெற்றிடத்தில் புத்தகத்தின் பெயரை வைத்து அட்டையை வடிவமைத்துவிட்டார். அச்சு போய்ச் சேர்ந்தபோது அவள் வலப்பக்கம் பார்த்தாள். புத்தகத்தின் பெயர் அவள் முதுகில் ஏறி நின்றது.

"கணினியில் திருப்பிவிட்டால் போயிற்று" என்று இன்றும் யாராவது சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. திருப்பினால் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். கடிதத்தில் முந்தானை வெறும் மூன்று கோடு, யார் கண்ணிலும் படவில்லை. அட்டையளவுக்குப் பெரிதாக்கினால் ஊரே பார்க்கும். புதிய லினோவில் முழுவதையும் மறுபடி செதுக்கினேன். பதினொரு நாள் போயிற்று.

திசை மாறுவது பெரியவர்களுக்கும் நடந்ததுதான். 1885 ஏப்ரலில் நெதர்லாந்தின் நியூனென் கிராமத்தில் இருந்த ஓவியர் வான்கோ, 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' காட்சியைத் தம்பி தியோவுக்குக் கடிதத்திலும் வரைந்தார், கல்லச்சாகவும் போட்டார். கல்லில் நேராகவே வரைந்ததால் அச்சு திரும்பி விழுந்தது. பிறகு அவர் முடித்த எண்ணெய் ஓவியத்தில் காபி ஊற்றும் பெண் வலக்கோடியில் இருக்கிறாள், கல்லச்சில் இடக்கோடியில்.

ஆகவே அச்சு எடுத்து, அந்தத் தாளைப் பார்த்து வரையுங்கள். அவசரமென்றால் தகட்டின் எதிரே ஒரு கைக்கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரிவதை வரையுங்கள். படத்துக்குக் கீழே 'அச்சு' என்றோ 'தகடு' என்றோ ஒரு சொல் எழுதுவதற்கு நேரம் ஆகாது.

எல்லாக் கோட்டையும் திணிப்பது

எட்சிங்கில் நெருக்கிப் போட்ட குறுக்குக் கோடுகள் இரண்டு அங்குலத்தில் வெறும் கறையாகிவிடும். கண்ணைச் சுருக்கி அச்சைப் பாருங்கள். எது முழுக் கறுப்பு, எது வெறும் தாள் என்று தெரியும். அந்த இரண்டையும் முதலில் வையுங்கள், இடைப்பட்டதற்கு நாலு கோடு போதும். வான்கோ இந்தக் கடிதப் படங்களைக் கிறுக்கல் என்றே சொல்வார். இருந்தும் எந்த இடத்துக்கு என்ன நிறம் என்று சில படங்களின் உள்ளேயே எழுதிவைத்தார். நீங்களும் அச்சு மையின் நிறத்தை எழுதுங்கள்.

அளவு எழுதாமல் விடுவது

எழுதுங்கள். சென்டிமீட்டரில்.

கையில் கிடைத்த மை

வான்கோ கறுப்பாக எழுதிய கடிதங்கள் பல இன்று பழுப்பாகியிருக்கின்றன. அவர் தொட்டெழுதியது இரும்பு கலந்த மை. சாதாரண மைப்பேனா மையோ ஒரு மழைத்துளிக்கே கரையும். நீரில் கரையாத நிறமி மையை வாங்குங்கள், மடிப்பதற்கு முன் நன்றாக உலரவிடுங்கள்.

மடிப்பின் மேல் வரைவது

முதலில் தாளை மடித்துப் பாருங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.