வேலூரில் வாடகைக்கு விட வீடு வாங்குமுன்: ஈசி (வில்லங்கச் சான்று) பார்க்கும் விதம்

ஊருக்குள் சிஎம்சி மருத்துவமனை, காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகம். வீடு காலியாகவே கிடக்காது என்பார் புரோக்கர். அவர் சொல்வதை விட்டுக் கணக்கைப் போடுங்கள்.

விலை 30 லட்சம் என்று வைப்போம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 2.7 லட்சம் கூடும். வழிகாட்டி மதிப்பு (அரசு குறித்து வைத்த மதிப்பு) கிரய விலையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்ட வேண்டும். மாத வாடகை 12,000, ஆண்டில் ஒரு மாதம் காலி என்றால் 1,32,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுதுக்கு 15,000 போக 1,17,000. போட்ட பணத்துக்கு 3.6 சதவீதம்கூடத் தேறாது. முழுக்கக் கடன் வாங்கினால் வட்டிக்கே போதாது. மிச்ச லாபம் மனை விலை ஏறுவதில்தான். அதனால் அடுக்குமாடி ஃப்ளாட்டைவிட ஒன்றரை சென்ட் தனி வீடே மேல்.

அடுத்து தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) முதல் கடைசிக் கிரயப் பத்திரம் வரை நகல் வாங்குங்கள்.

இனி ஈசி, அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். பலர் சறுக்கும் இடம் இதுதான். பதிவுத்துறை தளத்தில் 'வில்லங்கச் சான்று பார்வையிட' என்பதில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்து 30 ஆண்டுக்குக் குறையாமல் தேடுங்கள். 'பதிவு ஏதும் இல்லை' என்று வந்ததும் வில்லங்கமே இல்லையென்று மகிழ வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்ணில் பதிவு இல்லை, அவ்வளவே. 45/2பி என்பது 45/2 பிரிந்து வந்தது. பழைய அடமானம் 45/2-இல் இருக்கும். இரண்டிலும் தேடுங்கள். மாநகராட்சிக்குள் இன்னொரு சிக்கல்: பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் வார்டு, பிளாக், நகர சர்வே எண். இரண்டையும் ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். பத்திர எண், ஆண்டு போட்டும் ஒருமுறை தேடுவது நல்லது. பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் ஈசியில் வராது. வாரிசுகள் எத்தனை பேர் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியதுதான்.

பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்) இரண்டும் மின்சேவைத் தளத்தில் கிடைக்கும். பலர் பெயரில் உள்ள கூட்டுப்பட்டா என்றால் விற்பவரையே உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். 'பிறகு பார்த்துக்கலாம்' என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். புலப்படத்தில் வாய்க்கால் கோடு மனையைத் தொட்டால், நேராகத் தாலுகா அலுவலகம் போய் விசாரியுங்கள்.

அங்கீகாரமில்லாத மனையா? 20.10.2016-க்கு முன் மனையாகப் பதிவானதா, வரன்முறை ஆணை (மனையை முறைப்படுத்திய உத்தரவு) இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

பின்சேர்க்கை: ஆற்காடு, வாலாஜா பக்கத்துச் சொத்துக்கு 'வேலூர் மாவட்டம்' போட்டால் பட்டா வராமல் போவதற்குக் காரணம் 2019 பிரிவினை. அவை இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். மாவட்டத்தை மாற்றித் தேடிப் பாருங்கள்.