ஸ்பீக்கரில் ரீங்காரமா? பவர் கண்டிஷனர் வாங்குவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

பாட்டு முடிந்த பிறகும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் நிற்கிறதா? கடையில் போய்ச் சொன்னால் "உங்க ஏரியா கரண்ட் சுத்தமில்ல சார்" என்று, கரண்டைச் சுத்தப்படுத்தும் பவர் கண்டிஷனர் என ஒரு பெரிய பெட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கப் பணத்தோடு கிளம்பியவன்தான். கடைசியில் எங்கள் வீட்டுக் குற்றவாளி, டிவிக்குப் பின்னால் தொங்கிய கேபிள் ஒயர். அதனால் காசு செலவாகாத வேலைகளை முதலில் சொல்கிறேன்.

படி 1: சத்தம் எங்கிருந்து வருகிறது?

வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். ரீங்காரமும் சேர்ந்து அடங்கினால், அது ஆம்ப்ளிஃபையருக்குள் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி, சுருக்கமாக ஆம்ப்) வரும் சிக்னலோடு வருகிறது. அடங்காவிட்டால், ஆம்ப்பை அணைத்து, பின்னால் உள்ள இன்புட் ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஒயர் இல்லாமலே ஆம்ப்பை மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் அதே சத்தம் என்றால் கோளாறு ஆம்ப்புக்குள்ளேயே இருக்கலாம். பழைய ஆம்ப்களில் கரண்டைச் சீராக்கும் பவர் சப்ளை கப்பாசிட்டர் வறண்டு போவது சகஜம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரைத் தாண்டும்போது 100 ஹெர்ட்ஸ் ஆகி "ஜ்ஜ்ஜ்" என்று கேட்கும். மெக்கானிக்கிடம் கொடுத்தால் போதும்.

ஸ்பீக்கர் அமைதியாக இருந்து ஆம்ப் பெட்டியே உறுமினால், அது டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வு. அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். சில டிரையர்கள் அந்த நிலையில் மின் அலையின் ஒரு பாதியை மட்டுமே இழுக்கும். வட்ட வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது பிடிக்காது, உறும ஆரம்பித்துவிடும். டிரையர் நின்றதும் உறுமலும் நிற்கும்.

படி 2: கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் டிவி ஒயரை, அல்லது மாடி டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரை, ஒரு நிமிடம் கழற்றுங்கள். எங்கள் வீட்டில் சத்தம் அந்த நொடியே நின்றது. அந்த ஒயரின் வெளிப்பின்னல் தெருவில் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது. உங்கள் ஆம்ப் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம், ஆடியோ ஒயரின் பின்னல் வழியாகச் சுற்றி ஓடுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

டிவியிலும் ஆம்ப்பிலும் ஆப்டிகல் போர்ட் இருந்தால் அந்த ஒயருக்கு மாறிவிடுங்கள். வெளிச்சத்தில் போகும் சிக்னலோடு எர்த் சேர்ந்து போக வழியில்லை. இல்லாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள், ஆடியோ ஒயருக்கு நடுவில் செருகும் சின்னப் பொருள்தான். லேப்டாப்பில் பாட்டுக் கேட்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள், சத்தம் நின்றால் லூப் சார்ஜர் வழியாகத்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "எர்த் பின்னை ஒடிச்சு விடுங்க சார், சத்தம் நின்னுடும்" என்று ஒரு எலக்ட்ரீஷியன் எனக்கே யோசனை சொன்னார். நிற்கும்தான். ஆனால் ஆம்ப்புக்குள் பேஸ் ஒயர் (கரண்ட் வரும் ஒயர்) விட்டுப்போய் உலோக உடம்பைத் தொட்டால், அடுத்து அதைத் தொடுகிறவர் கதி என்ன?

படி 3: எர்த் நிஜமாகவே இருக்கிறதா?

மூன்று ஓட்டை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆம்ப்பின் உலோகப் பகுதியில் விரல் பட்டால் லேசாகச் சுர்ரென்கிறதா? பல கருவிகளில் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரில், பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) கருவியின் உலோக உடம்புக்கு ஆளுக்கொரு குட்டிக் கப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு 230-ல் பாதியாக, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு விடுகிறது.

மல்டிமீட்டர் பழகியவர்கள் ஏசி வோல்ட், 600 அல்லது 750 ரேஞ்சில் வைத்துப் பார்க்கலாம். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். பெரிய எர்த் ஓட்டை மேலே இருக்க, வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல்.

பேஸ்–நியூட்ரல்: 207-லிருந்து 253-க்குள் இருந்தால் சரி.
பேஸ்–எர்த்: ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். 60, 90 என்று ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருந்தால் எர்த் ஒயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை.
நியூட்ரல்–எர்த்: ஓரிரண்டு வோல்ட் இருந்தால் கவலையில்லை. அதைவிட நிறைய ஏறினால் நியூட்ரலில் லூஸ் இணைப்பு இருக்கலாம்.

வீட்டில் லோடு ஓடும்போதும் நியூட்ரல்–எர்த் சுத்தமாகப் பூஜ்ஜியமா? சந்தோஷப்படாதீர்கள், சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஒயர் இழுக்காமல், நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்குப் போட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஆம்ப்பின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும்.

எர்த் குழி கரியும் உப்பும் போட்ட பழைய முறை என்றால், சித்திரை வெயிலில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகும். வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

படி 4: வீட்டுக்குள்ளேயே இரைச்சல் போடுபவை

ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள். முதல் சந்தேகம் வழவழவென்று திரும்பும் ஃபேன் ரெகுலேட்டர் மீது. அதற்குள் இருக்கும் டிரையாக் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் மின் அலையை நடுவில் வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டுதான் ஸ்பீக்கரில் கேட்கிறது. டக் டக்கென்று படியாக மாறும் கப்பாசிட்டர் ரெகுலேட்டருக்கு மாறினால் அந்தத் தொல்லை போய்விடும். அடுத்தது மலிவான எல்இடி பல்புகளும் மொபைல் சார்ஜர்களும்.

படி 5: எல்லாம் ஒரே போர்டில்

ஆம்ப், டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேருங்கள். எர்த் ஒரே இடத்தில் சேரும், லூப்புக்கு இடம் குறையும். சேனலுக்கு 100 வாட் ஆம்ப்கூட சாதாரணமாகக் கேட்கும்போது 2 ஆம்பியரைத் தாண்டுவது அபூர்வம், 6 ஆம்பியர் சாக்கெட்டே தாங்கும். பவர் ஒயரும் ஆடியோ ஒயரும் ஒட்டி ஓடக்கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகப் போகட்டும்.

ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பவர் ஒயர்? கம்பத்திலிருந்து அத்தனை தூரம் சாதாரணக் கம்பியில் வந்த கரண்டுக்குக் கடைசி ஒரு மீட்டரில் என்ன ஞானம் வந்துவிடும்? நான் வாங்கமாட்டேன்.

படி 6: ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர்

வோல்டேஜ் அடிக்கடி 207-க்குக் கீழோ 253-க்கு மேலோ போனால் மட்டுமே ஸ்டெபிலைசர் தேவை. பின்பக்கம் "100–240" என்று போட்டிருக்கும் கருவிக்குக் குறைந்த வோல்டேஜ் ஒரு பொருட்டில்லை. 253-க்கு மேல் எகிறுகிற வீடு என்றால்தான் யோசிக்க வேண்டும். கரண்ட் போனதும் ஆம்ப் உறும ஆரம்பித்தால், உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். அடுத்த முறை வாங்கும்போது சைன் வேவ் கேளுங்கள், அதுவரை ஆம்ப்பை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள்.

படி 7: இடி

ஸ்பைக் பஸ்டர் என்பது திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதற்குள் அந்த அடியை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். பாதுகாப்பு விளக்கு உள்ள மாடலில் அது அணைந்துவிட்டால், அதற்குப் பிறகு அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். பக்கத்தில் விழும் இடியை எந்த பஸ்டரும் தடுக்காது. தூரத்தில் இடி கேட்கத் தொடங்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கூடவே செட்டாப் பாக்ஸின் கேபிளையும். வானம் தலைக்கு மேலே வெட்டத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு ஒயரில் கை வைக்காதீர்கள்.