பிளஃப் ஆடும்போது விடக்கூடாத பிழைகள்

தீபாவளி லீவுக்குக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வந்து சேர்ந்தால், எங்கள் லயத்து இஸ்தோப்பில் (லய வீட்டுத் திண்ணையில்) இரவு முழுக்கச் சீட்டுதான். 304 என்ற சீட்டாட்டம் ஆட துரும்பும் புள்ளிக் கணக்கும் தெரிய வேண்டும். பொய் சொல்லி ஆடும் பிளஃப்புக்கு அதெல்லாம் வேண்டாம். ஆஸ், இரண்டு, மூன்று என்று வரிசையாக முறை சுற்றும். உங்கள் முறைக்கு வரும் எண்ணைச் சொல்லி, சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நம்பாதவர் "பொய்" என்பார். திருப்பிப் பார்த்துப் பொய்யாக இருந்தால் வைத்தவர் குவியலை அள்ளுவார். உண்மையானால் "பொய்" என்று கேட்டவர் அள்ளுவார். கை முதலில் காலியானவர் வென்றார்.

முதல் பிழை, சீட்டுப் போடும் முன்னமே நடந்துவிடும். எங்கள் பக்கத்து வீடுகளில் இருப்பது அநேகமாக 304 கட்டு. 2 முதல் 6 வரை ஒதுக்கிவிட்டு, 32 சீட்டுதான் அதில் இருக்கும். எண்ணிப் பார்க்காமல் போட்டால், 'மூன்று' வரும்போது யார் வைத்தாலும் பொய்தான். ஒதுக்கிய 20 சீட்டையும் தேடிச் சேருங்கள். அப்புறம் மழை நாளில் சீட்டு ஈரம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று என்று வைத்தது இரண்டாக இருந்து பெரிய சண்டையே வந்திருக்கிறது. தேய்த்துப் பிரித்து வையுங்கள்.

அடுத்ததுதான் நிறையப் பேர் தோற்கும் இடம்: கைக்கு அகப்பட்ட சீட்டைப் பொய்க்குப் போட்டுவிடுவது. நாலு பேர் ஆடும்போது நீங்கள் ஆஸில் தொடங்கினால், உங்களுக்கு அடுத்தடுத்து வருவது 5, 9, கிங், 4, 8, குயின், 3, 7, ஜாக், 2, 6, 10. யார் குவியலை அள்ளினாலும் முறை அடுத்த ஆளுக்கே போகும் என்று முதலிலேயே பேசிக்கொண்டால் இந்த வரிசை மாறாது. இப்போது 5 உங்கள் கையில் இல்லை, பொய் சொல்லியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிங்கைப் போட்டால், இரண்டு முறை தள்ளி மறுபடியும் பொய் சொல்ல வேண்டி வரும். பத்தைப் போடுங்கள், அது உங்களிடம் வர இன்னும் வெகுநேரம் ஆகும். ஐந்து பேர் என்றால் ஆஸ், 6, ஜாக், 3 என்று ஐந்தைந்தாகக் கூட்டிக்கொள்ளுங்கள். கையைப் பிரித்ததுமே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

சீட்டை எண் வரிசையில் அடுக்கிப் பிடிப்பது நல்லதுதான். ஆனால் உருவும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். போன வருஷம் ஒரு மாமா "ரெண்டு குயின்" என்று வைத்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை விடவில்லை: "பொய் மாமா! கிங்கை அந்த ஓரத்திலிருந்துதானே எடுத்தீங்க, இது நடுவிலிருந்து வந்துச்சே." திருப்பினால் ஒரு ஏழும் ஒரு எட்டும். ஒவ்வொரு முறை வைத்த பிறகும் கையைக் கொஞ்சம் மாற்றி அடுக்குங்கள்.

சந்தேகம் வந்ததும் "பொய்" என்று கத்துவதும் பிழை. ஒவ்வோர் எண்ணிலும் நாலு சீட்டுதான் உண்டு. உங்களிடம் மூன்று ஒன்பது இருக்க ஒருவர் "ரெண்டு ஒன்பது" என்றால் யோசிக்கவே வேண்டாம், கேளுங்கள். உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, நடுவில் இருபது சீட்டுக் குவிந்திருக்கிறது என்றால் வாயை மூடிக்கொண்டு இருங்கள், வேறொருவர் கேட்பார். குவியல் சின்னதாக இருக்கும்போது கேட்டுப் பார்ப்பதில் நட்டம் குறைவு.

குவியலை அள்ளியவர் மனம் விட்டுப்போய் ஏனோதானோ என்று ஆடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நாலு ஜாக்கும் அவர் கைக்கு வந்திருக்கலாம். இனி யார் ஜாக் என்றாலும் அவருக்குத் தெரிந்துவிடுமே.

கடைசிச் சீட்டை வைக்கும்போது யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். அதனால் கையில் மூன்று நாலு சீட்டு மிஞ்சும்போதே, கடைசி முறைக்கு எந்த எண் வரும் என்று பார்த்து அந்தச் சீட்டை ஒதுக்கி வையுங்கள். சொல்ல வேண்டிய பொய்யை அதற்கு முன்னமே சொல்லி முடித்துவிடுங்கள்.