அமைச்சர் காணாமல் போனால்: பிரிட்டிஷ் அரசியல் நையாண்டித் தொடர்களைப் பார்க்கும் முறை

பிரிட்டிஷ் அரசியல் நையாண்டித் தொடர் ஒன்றைப் பார்க்க உட்காருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: முதல் பகுதியிலேயே கதை ஒரு பதவியைச் சுற்றி ஓடுகிறதா, ஒரு ஆளைச் சுற்றி ஓடுகிறதா என்று கண்டுபிடித்துவிடுங்கள். நடிகர் ஒருவர் சர்ச்சையிலோ வழக்கிலோ சிக்கினால் தொடர் பிழைக்குமா, சாகுமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

‘தி திக் ஆஃப் இட்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அர்மாண்டோ இயனூச்சி உருவாக்கியது. 2005-இல் பிபிசி ஃபோர் அலைவரிசையில் தொடங்கியது. கதை ஆரம்பிப்பதே ஓர் அமைச்சரின் வேலை பறிபோவதில்தான். பிரதமரின் அடியாள் போன்ற மால்கம் டக்கர், கிளிஃப் லாட்டன் என்ற அமைச்சரை வீட்டுக்கு அனுப்புகிறார். அந்த நாற்காலியில் ஹியூ ஆபட் வந்து உட்காருகிறார். அதே அலுவலகம், அதே நடுக்கம். ஆள் மாறினாலும் வண்டி ஓடும் என்பதை முதல் பகுதியிலேயே நமக்குப் பழக்கிவிடுகிறார்கள். அப்போது இது அரசியலைப் பற்றிய கிண்டல் மட்டும்தான். பிறகு அதுவே தொடரின் உயிரைக் காத்தது.

இங்கே ஒரு தாளும் பேனாவும் வேண்டும். நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் ஒளிபரப்பான தேதிகளையும் மறுபக்கம் செய்தியில் வந்த தேதிகளையும் எழுதுங்கள். நான் எல்லாத் தொடர்களுக்கும் இப்படிச் செய்வேன். வீட்டில் கேலிக்கும் ஆளாவேன். ஹியூவாக நடித்த கிறிஸ் லாங்கம் 2005 நவம்பரில் கைது செய்யப்பட்டார். 2006-இல் அதே வேடத்துக்காக அவருக்கு பிரிட்டனின் பெரிய தொலைக்காட்சி விருதான பாஃப்டா கிடைத்தது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைத் தரவிறக்கிய வழக்கில் அவர் குற்றவாளி என்று 2007 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. செப்டம்பரில் விதிக்கப்பட்ட பத்து மாதச் சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் ஆறு மாதமாகக் குறைந்தது. இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 2007 ஜனவரியிலும் ஜூலையிலும் இரண்டு சிறப்புப் பகுதிகள் வந்தன. இரண்டிலும் அவர் இல்லை. கதையில் அமைச்சர் ஆஸ்திரேலியா போயிருக்கிறார், அவ்வளவுதான். தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் இல்லாத கதை திரைக்கு வந்துவிட்டது.

ஏன் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை என்று கோபப்படாதீர்கள். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது விசாரணையைக் கடுமையாகப் பாதிக்கும் அபாயமுள்ள எதையும் வெளியிடக்கூடாது. வெளியிட்டால் நோக்கம் நல்லதா கெட்டதா என்று கூடக் கேட்க மாட்டார்கள். அந்த ஊர் ஊடகங்களில் இப்படி ஒரு மௌனத்தைக் கண்டால் மூடிமறைக்கிறார்கள் என்று முடிவு கட்டும் முன் இந்தச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வதந்தியைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்புவது நம் வேலை அல்ல.

அடுத்து, வெற்றிடத்தில் என்ன வைத்தார்கள் என்று பாருங்கள். இந்தப் பார்வைப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கைக்கெட்டிய இன்னோர் அமைச்சரை அவசரமாகக் கொண்டுவந்து ஒட்டவில்லை. கதவைத் திறந்து எதிர்க்கட்சியை உள்ளே விட்டார்கள். ரோஜர் ஆலம் நடித்த பீட்டர் மேனியன், களைத்துப்போன பழைய பாணி அரசியல்வாதி, அப்படித்தான் வந்தார். அதுவரை ஒரு துறைக்குள் அடைந்து கிடந்த தொடர், வெஸ்ட்மின்ஸ்டர் என்ற நாடாளுமன்ற வட்டாரம் முழுவதற்கும் விரிந்தது. ஜூலைப் பகுதியில் பிரதமர் பதவிக்கான இரவு நேரப் பேரங்கள் நடக்கின்றன. நிஜத்தில் டோனி பிளேர் விலகி கோர்டன் பிரவுன் பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. 2009-இல் பிபிசி டூவுக்கு மாறியபோதுதான் நிக்கோலா மரியாக ரெபெக்கா ஃபிரன்ட் வருகிறார். வேறு யாரும் கிடைக்காததால் கிடைத்த அமைச்சர் பதவி அது. கேட்டால் பலர் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: ஹியூவைவிட நிக்கோலாவின் அவதிகளில்தான் நையாண்டி கூர்மை.

எல்லாச் சர்ச்சையும் ஒரே வகை இல்லை என்பதையும் பழகிக்கொள்ள வேண்டும். ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ 1990-இல் தொடங்கிய செய்தி நையாண்டி வினாடி வினா நிகழ்ச்சி; இரண்டு அணிகள் மோதும். தொகுப்பாளர் ஆங்கஸ் டீட்டன், அரசியல்வாதிகளின் அந்தரங்கச் சறுக்கல்களை முகத்தில் சலனமில்லாமல் வாசிப்பதில் கெட்டிக்காரர். 2002-இல் அவர் போதைப்பொருள் பயன்படுத்தியதாகவும் பாலியல் தொழிலாளிகளிடம் போனதாகவும் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. மற்றவர்களுக்கு இது நடந்திருந்தால் ஒரு வாரப் பரபரப்பு. இவருக்கோ, தான் வாசிக்கும் நகைச்சுவையே தன்மேல் திரும்பியது. அணித்தலைவர்களான பால் மெர்ட்டனும் இயன் ஹிஸ்லப்பும் மேடையிலேயே அவரைக் குதறினார்கள். அந்தப் பகுதியைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், போகப்போக நெளியத் தோன்றும். அக்டோபரில் அவரை நீக்கினார்கள். நிரந்தரத் தொகுப்பாளர் பிறகு வரவே இல்லை. வாரம் ஒரு விருந்தினர். பின்னாளில் பிரதமரான போரிஸ் ஜான்சன் கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலி அவரை வளர்த்துவிட்டதா என்ற சண்டையில் நான் இறங்கப்போவதில்லை.

ஆளைச் சுற்றிக் கட்டிய தொடர் எப்படித் தடுமாறும் என்று பார்க்க வேண்டுமானால் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ போதும். 1990-இல் பிபிசி எடுத்தது. நகைச்சுவைத் தொடர் அல்ல, நையாண்டி கலந்த அரசியல் நாடகம். நாயகன் கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசுவதுதான் அதன் மூச்சு. அமெரிக்க வடிவமும் அதையே செய்தது. 2017-இல் பாலியல் குற்றச்சாட்டுகளுக்குப் பின் அதன் நாயகன் கெவின் ஸ்பேசியை விலக்கினார்கள். கடைசிப் பருவம் எட்டுப் பகுதிகளோடு 2018-இல் வந்தது. அவர் நடித்த முன்னாள் அதிபரைத் திரைக்கு வெளியே சாகடித்துவிட்டு, எட்டுப் பகுதிகளும் அந்தப் பிணத்தைப் பற்றியே பேசின.

இந்தப் பதவி–ஆள் அளவுகோலை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரில் பதவிதான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் அதன் முதன்மை நடிகர்களான பால் எடிங்டன், நைஜல் ஹாதோர்ன் இல்லாமல், அதன் தொடர்ச்சியான ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ தொடரை 2013-இல் வேறு நடிகர்களோடு எடுத்த புதிய வடிவம் ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. பொம்மைகளே நடிக்கும் ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ மட்டும் பாதுகாப்பானது. ரப்பர் பொம்மையைக் காவல்துறை கைது செய்யாது.

கடைசியாக, பார்ப்பதா வேண்டாமா என்பது. என் அக்கா லாங்கமின் முகத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அவரிடம் நான் வாதாடவில்லை. பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்மையானவர்கள். கலை வேறு, கலைஞன் வேறு என்ற வசனம் அங்கே எனக்கு வாயில் வரவில்லை. அக்கா போன்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2005-இன் ஆறு பகுதிகளை விட்டுவிட்டு, 2007 ஜனவரிச் சிறப்புப் பகுதியில் தொடங்குங்கள். மால்கமும் அமைச்சரின் ஆலோசகர்களான கிளென், ஆலியும் அங்கேயும் இருக்கிறார்கள். அரைமணி நேரத்தில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று புரிந்துவிடும். பிறகு 2009-இன் எட்டுப் பகுதிகள், அதற்குப் பின் 2012-இன் ஏழு. முழுவதையும் பார்க்க விரும்புகிறவர்கள் ஒளிபரப்பான வரிசையை மாற்ற வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். மால்கம் திட்டும் வேகத்துக்குக் காது ஈடுகொடுக்காது. 2012-இன் ஆறாம் பகுதி முழுக்க ஒரு விசாரணை ஆணையத்தின் முன் நடக்கிறது. அதை மட்டும் நடு இரவில் தூக்கக் கலக்கத்தில் தொடங்காதீர்கள்: ஒரு மணி நேரம் ஓடும், முன்பு யார் எந்தப் பொய்யைச் சொன்னார்கள் என்பது நினைவில் இருக்க வேண்டும்.