கிட்டாருக்கு முன்னால் கையெழுத்து

“அண்ணே, பாட்டுக்குக் காப்புரிமை எங்கே வாங்குவது?” ஒத்திகை முடிந்து தேக்காவில் தேநீர் குடிக்கும்போது இளைய வாத்தியக்காரர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது, பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை என்று முதலில் திருத்துவேன். அதைச் சிங்கப்பூரில் வாங்குவதற்கு இடமே இல்லை, பதிவேடு கிடையாது. மெட்டைக் கைப்பேசியில் முணுமுணுத்துப் பதிந்த நிமிடமே அது உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிற்கும்.

அப்படியானால் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திடும் தாள் எதற்கு என்பீர்கள். எனக்கு அது 3,000 வெள்ளி கொடுத்துக் கற்ற பாடம்.

2015 தீபாவளிக்கு நாங்கள் நான்கு பேர் ஈசூனில் என் வீட்டு அறையில் ஒரு பாட்டுச் செய்தோம். மெட்டு என்னுடையது, வரிகள் ஒரு பள்ளி ஆசிரியருடையது, இசைக்கோப்பு எங்கள் கிட்டார்காரர், பாடியது அவருடைய தங்கை. யாருக்கு எவ்வளவு என்று பேசவே இல்லை. பேசினால் நட்புக்கு இழுக்கு என்று ஒரு நினைப்பு. இரண்டு ஆண்டு கழித்து ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டார்கள். நால்வரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும் என்றார்கள். அதற்குள் பெர்த்துக்குக் குடிபோயிருந்த கிட்டார்காரர், பாதி தனக்கு என்றார். ஆசிரியர் கொதித்தார். கடைக்காரர் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பாட்டை எடுத்துக்கொண்டார். என் 3,000 வெள்ளி அதோடு போயிற்று.

ஆகவே முதல் வேலை பங்குத் தாள். ஒரே பக்கம் போதும். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் அடையாள அட்டைப் பெயர், மேடைப் பெயர், செய்த வேலை, விழுக்காடு. இதை இரண்டு கட்டமாகப் பிரித்து எழுதுங்கள்: ஒன்று பாட்டுக்கு, மற்றது ஒலிப்பதிவுக்கு. மெட்டும் வரிகளும் சேர்ந்தது பாட்டு. அன்று அந்த அறையில் பதிவான ஒலி வேறு சொத்து. இன்னொருவர் உங்கள் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிந்தால் பாட்டில் உங்களுக்குப் பங்கு உண்டு, அந்தப் பதிவில் கிடையாது. சம்பளத்துக்கு வாசித்துவிட்டுப் போகும் தபலாக்காரருக்கு விழுக்காடு இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள். எல்லோரும் கையெழுத்திட்டதும் படம் எடுத்து, எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதியோடு சான்று கிடைத்துவிடும்.

தேதி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் தேசிய தினப் பாடல் ஒன்று 1986ஆம் ஆண்டுப் பாடல். அதை 1983இலேயே தாம் எழுதியதாக மும்பை இசையமைப்பாளர் ஒருவர் சொன்னதால் 2021 மார்ச்சில் பெரிய சலசலப்பு எழுந்தது. கடைசியில் அவர் அந்தக் கோரிக்கையை விலக்கிக்கொண்டார். ஊரே மனப்பாடமாகப் பாடும் பாட்டுக்கே இந்த நிலை. ஆகவே முதல் முணுமுணுப்பு, அரைகுறை வரிகள், கணினிக் கோப்புகள் எதையும் அழிக்காதீர்கள்.

காசு கொடுத்து ஸ்டூடியோவில் பதிகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே ஒலிப்பதிவு சொந்தம். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தில் அந்த உரிமை பதிவை உருவாக்குபவர் பக்கம் போய்விட்டது. பதிவு உங்களிடம்தான் இருக்க வேண்டுமென்றால் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். உரிமையை வாய்ச்சொல்லால் மாற்றிக்கொடுக்க முடியாது. அதே சட்டம், உங்கள் படைப்பைப் பொதுவில் பயன்படுத்துகிறவர் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. பெயர் போடாத குறும்படக்காரருக்கு எழுதும்போது நான் இதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவேன்.

அடுத்தது காம்பஸ். 1987இல் தொடங்கிய, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்குமான சங்கம். வானொலி, தொலைக்காட்சி, மேடை, கடை என்று பாட்டு ஒலிக்கும் இடங்களில் உரிமக் கட்டணம் வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும். கச்சேரி செய்தால் பாடிய பாடல்களின் பட்டியலையும் கொடுங்கள். சோம்பலில் நம்மில் பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறோம். வெளிநாட்டுச் சங்கங்களோடும் பரிமாற்ற ஒப்பந்தங்கள் உண்டு.

தமிழ்ப் பாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நம் எழுத்தை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘ழ’ ஆளுக்கு ஒரு வேடம் போடும். ‘மழை’ என்று தொடங்கும் என் பாட்டு ஒன்று சங்கத்தில் ஒரு விதமாக, பாட்டை இணையத்தில் கேட்கும் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோகத் தளத்தில் வேறு விதமாக, நான் கொடுத்த கச்சேரிப் பட்டியலில் மூன்றாவது விதமாக இருந்தது. மூன்றும் ஒரே பாட்டு என்று யாருக்குத் தெரியும்? என் பெயரும் அப்படித்தான்: அடையாள அட்டையில் தந்தை பெயரோடு நீளமாக, மேடையில் நான்கே எழுத்து. ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். எழுதியவரை அடையாளம் காட்டும் ஐபிஐ (IPI) எண்ணையும் விசாரித்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பெயர் குழம்பினாலும் எண் குழம்பாது.

ஒவ்வோர் ஒலிப்பதிவையும் அடையாளம் காட்ட ஐஎஸ்ஆர்சி (ISRC) என்ற 12 எழுத்தெண் குறியீடு உண்டு. பெரும்பாலும் விநியோகத் தளமே கொடுத்துவிடும். தளத்தை மாற்றினாலும் அதே குறியீட்டைக் கொண்டுபோக வேண்டும். அதனால் தனியே எழுதி வையுங்கள். ஒலிப்பதிவு உரிமையாளர்களுக்காகக் கட்டணம் வாங்கும் அமைப்பு வேறு, எம்ஆர்எஸ்எஸ். காம்பஸில் சேர்ந்துவிட்டால் இதுவும் முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

கோயில் ஆல்பம் செய்பவர்களுக்கு: திருப்புகழ் வரிகளுக்கு இன்று உரிமையாளர் இல்லை, அதற்கு நீங்கள் போட்ட புது மெட்டு உங்களுடையது. படிவத்தில் மெட்டுக்கு மட்டும் உரிமை கோருங்கள், அருணகிரிநாதரின் பங்கையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். இணையத்தில் வாங்கிய தாளத்துண்டை வைத்துப் பாடியிருந்தால் அதன் உரிமத்தைப் படியுங்கள். அதே துண்டை நூறு பேர் வாங்கியிருக்கக்கூடும். யூடியூபின் தானியங்கிச் சோதனை அவர்கள் பாட்டை உங்களுடையதென்றோ, உங்கள் பாட்டை அவர்களுடையதென்றோ பிடித்துக்கொள்ளும்.

பெர்த் நண்பரோடு பேச்சு மீண்டும் தொடங்கிவிட்டது. இந்தத் தீபாவளிக்கு ஒரு பாட்டுச் செய்கிறோம். இந்த முறை பங்குத் தாளில் முதல் கையெழுத்து அவருடையதுதான், விழுக்காடு உட்பட எல்லாம் நிரப்பி அனுப்பிவிட்டார். கிட்டார்தான் இன்னும் வரவில்லை.