மாதம் இரண்டு தடவை ஓடும் போட்டுக்கு எஞ்சின் சர்வீஸ் எப்போது?

யாழ்ப்பாணத்தின் குருநகரிலோ பாசையூரிலோ தினமும் தொழிலுக்குப் போகிறவரின் எஞ்சினுக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்டைதீவுப் பக்கம் தூண்டில் போடப் போகிற என் எஞ்சினுக்கும் சர்வீஸ் கணக்கு ஒன்றல்ல. போட்டின் பின்பக்கம் மாட்டும் வெளியிணைப்பு எஞ்சின்களின் கையேட்டில் பொதுவாக '100 மணித்தியாலம் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது' என்று போட்டிருக்கும். நான் அதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். மாதம் இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், வருடத்துக்கு 36. நூறு வர இன்னும் எவ்வளவோ கிடக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் கியர் ஒயில் திருகைக் கழற்றியபோது பால்தேத்தண்ணி நிறத்தில் ஒழுகியது. உள்ளே கடல் தண்ணீர் போயிருந்தது. பார்த்த மெக்கானிக் அண்ணை சொன்னார்: "தம்பி, ஓடுற எஞ்சினை விடச் சும்மா நிக்கிற எஞ்சின்தான் கெதியாப் பழுதாகும்."

படி 1: கணக்கை எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திகதி, எவ்வளவு நேரம், கழுவினீர்களா என்று குறியுங்கள். வருடத்துக்கு 100 மணித்தியாலம் வராது என்றால் மணிக்கணக்கை மறந்துவிட்டு நாட்காட்டியைப் பாருங்கள். வருடம் ஒரு முழு சர்வீஸ். புது எஞ்சின் என்றால் முதல் சர்வீஸ் இதைவிட மிக முந்தியே வரும். அதற்குக் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள்.

எந்த மாதம்? நம் பக்கத்தில் கார்த்திகை, மார்கழியில் மழையும் வாடையும் என்று போட் கரையில்தான் கிடக்கும். பலர் தை பிறந்ததும் சர்வீஸ் செய்கிறார்கள். நான் ஐப்பசியிலேயே செய்யச் சொல்வேன். கியருக்குள் தண்ணீர் இருந்தால், நிற்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் பெயாரிங் துருப்பிடிக்கும்.

படி 2: ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவல்

இதற்கு மாதக் கணக்கே கிடையாது. வெட்டிய பெரிய ட்ரம் ஒன்றில், புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்புங்கள். எஞ்சினை நியூட்ரலில் வைத்து, திறந்த வெளியில், பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓடினாலே எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) தேய்ந்துவிடும்.

தீவுப்பகுதியில் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீர் கடல் தண்ணீரை விடப் பரவாயில்லை, ஆனாலும் கடைசி ஐந்து நிமிடமாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

ஓடும்போது எஞ்சினின் பின்பக்கச் சிறு துளையால் பீச்சும் தண்ணீரைக் கவனியுங்கள். மெலிந்திருந்தால் உப்போ சாதாளையோ அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் இம்பெல்லரைத்தான் பார்க்க வேண்டும்.

படி 3: காபரேற்றரை வெறுமையாக்குங்கள்

பெற்றோல் சில மாதம் நின்றால் பிசினாகி, காபரேற்றரின் சிறு துளைகளை அடைத்துவிடும். மூன்று கிழமைக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால், ட்ரம்மில் ஓடும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை விடுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் அதற்கு முன் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த தடவை கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும்.

படி 4: கியர் ஒயில்

புதியவர்கள் பயப்படும் வேலை, உண்மையில் மிகச் சுலபமானது. எஞ்சினை நிமிர்த்தி வைத்து, கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். முதலில் கீழ்த் திருகு, பிறகு மேல் திருகு. வெளியே வருவதை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் சரி. பால் நிறமென்றால் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது, அதை மாற்றாமல் புது ஒயில் விட்டு வேலையில்லை.

எனக்கு ஏன் போனது? புரொப்பெல்லரைக் கழற்றியதும் தெரிந்தது. தண்டைச் சுற்றித் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) நான்கைந்து சுற்று இறுகி, சீலின் ரப்பரை அறுத்திருந்தது. கரையோரம் வலைத் துண்டுகள் மிதக்கும் நம் களப்பில் இது எவருக்கும் நடக்கும். அதனால் ஒயில் மாற்றும்போதெல்லாம் புரொப்பெல்லரையும் கழற்றிப் பாருங்கள்.

புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றுங்கள். மேல் துளையால் வழியும்போது முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகு. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு ஒயில் குறையும். பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள், களப்பில் ஊற்றாதீர்கள்.

படி 5: மீதி

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கோப்பி நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் மாற்றுங்கள். துருவுக்குப் பலியாக வைத்திருக்கும் உலோகக் கட்டி பாதி கரைந்திருந்தால் புதிது போடுங்கள், அதன் மேல் பெயின்ற் அடிக்கக் கூடாது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எஞ்சின் ஒயிலும் வருடம் ஒரு தடவை. இம்பெல்லரை மட்டும் நான் மெக்கானிக்கிடம் விடுகிறேன். வருடம் ஒரு தடவை திறந்து பார்த்து, இரண்டு வருடத்துக்கு ஒன்று மாற்றச் சொல்வேன். நின்றே கிடக்கும் எஞ்சினில் அதன் ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துவிடும்.

படி 6: திரும்ப இறக்கும்போது

தையில் முதல் ஓட்டத்தைக் கரையை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெற்றோல், போட்டில் ஒரு மரக்கோல். அரை மணித்தியாலம் ஓட்டி, தண்ணீர் ஒரே சீராகப் பீச்சுகிறதா என்று பார்த்த பிறகு மண்டைதீவுப் பக்கம் திருப்புங்கள்.