வீட்டு மீடியா சர்வர்ல தமிழ் சீரியல் ஃபைலுக்கு எப்படி பேரு வைக்கிறது

காலைல ரிமோட்ட அம்மா கையில குடுத்துட்டு நான் வேலைக்குக் கிளம்பணும், அவங்க ஓகே பட்டன அழுத்தினா நேத்து விட்ட இடத்துலேர்ந்து அடுத்த எபிசோட் ஓடணும், வீட்டு கம்ப்யூட்டர்ல வீடியோவெல்லாம் சேத்து வச்சு டிவில ஓட்டுற மீடியா சர்வர் நான் வச்சதே இதுக்குத்தான். அதுக்கான சாஃப்ட்வேர் பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி எதப் போட்டாலும் சரி, ஃபைல் பேரு ஒழுங்கா இல்லன்னா எபிசோட் 2க்கு அடுத்து 17 ஓடும், இல்ல முப்பது எபிசோடும் காணாம போயிடும். சர்வர் வீடியோவப் பாத்து இது என்ன நாடகம்னு கண்டுபிடிக்காது, அது படிக்கிறது பேர மட்டும்தான். ஃபோல்டர் பேரு, ஃபைல் பேரு ரெண்டையும் படிச்சுட்டு டிஎம்டிபி, டிவிடிபி மாதிரி படம், சீரியல் விவரம் சேத்து வச்சிருக்கிற இணையதளத்துல போய்த் தேடி போஸ்டர், கதைச் சுருக்கம் எல்லாம் எடுத்துட்டு வரும், அதனால பேரு வைக்கிற வேலையதான் முதல்ல செய்யணும், ஃபைலெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு விட்டா வேலை ரெண்டு மடங்கு.

முதல்ல படத்தையும் சீரியலையும் தனித்தனி ஃபோல்டர்ல போடுங்க, சர்வர்லயும் ரெண்டு லைப்ரரியா சேருங்க. கலந்து போட்டா எபிசோட் ஒவ்வொண்ணையும் தனித்தனி படம்னு நினைச்சுக்கும்.

அப்புறம் அமைப்பு. உதாரணத்துக்கு 'எதிர்வீடு'ன்னு 2012ல வந்த ஒரு சீரியல்னு சும்மா வச்சுக்கங்க (பேரு நான் போட்டதுதான்), அது இப்படி இருக்கணும்:

சீரியல்கள் / எதிர்வீடு (2012) / சீசன் 01 / எதிர்வீடு (2012) - எஸ்01ஈ05 - நிச்சயதார்த்தம்.எம்கேவி

இங்க தமிழ்ல எழுதிக் காட்டுறேன், ஆனா 'சீசன்'ங்கிற வார்த்தையும் எஸ், ஈ ரெண்டு எழுத்தும் கடைசில எம்கேவிங்கிற வீடியோ ஃபைல் வகையும் நீங்க இங்கிலீஷ் எழுத்துலதான் டைப் பண்ணணும். 'எஸ்01ஈ05'க்கு நடுவுல மட்டும் இடம் விடாதீங்க. கடைசில வர எபிசோட் தலைப்பு இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி, சர்வருக்கு அது தேவையே இல்ல, நமக்கு கண்ணால பாக்க வசதி அவ்ளோதான். வருஷத்த மட்டும் விட்டுடாதீங்க, ஒரே பேருல ரெண்டு மூணு சீரியல் நம்ம தமிழ்ல சகஜம், பழைய படத்தோட பேரையே சீரியலுக்கு வைக்கிற பழக்கம் வேற இருக்கு, வருஷம் இருந்தாதான் சர்வர் சரியானத எடுக்கும். சீசன் ஃபோல்டர வெறும் 'எஸ்01'னு சுருக்காதீங்க, ஜெல்லிஃபின்ல அது சில நேரம் தகராறு பண்ணும், 'சீசன் 01'னு முழுசா எழுதிடுங்க.

நம்பர் முன்னாடி சைபர் போடுறத சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 1, 2, 3னு வச்சா கம்ப்யூட்டர்ல பல இடத்துல 1, 10, 11, 2ன்னு வரிசையாயிடும். சின்ன தொடருக்கு ரெண்டு டிஜிட் போதும். சென்னைலேர்ந்து வர மெகா சீரியல் ஆயிரம் எபிசோட தாண்டி ஓடும், அதுக்கு ஆரம்பத்துலயே 0001னு நாலு டிஜிட் போட்டுடுங்க. சீசன் பிரிக்கிறதுல உங்க இஷ்டத்துக்குப் போகாதீங்க, தளத்துல எப்படி பிரிச்சிருக்காங்களோ அதேதான், அவங்க ஆயிரத்தையும் ஒரே சீசன்ல வச்சிருந்தா நீங்களும் ஒரே ஃபோல்டர்லதான் வைக்கணும். டிவிடி வரிசையும் ஒளிபரப்பான வரிசையும் சில தொடருக்கு வேற வேறயா இருக்கும், அதையும் பாத்துக்கங்க.

சிங்கப்பூர் தேக்காவுல முன்னாடி வாங்கின சீரியல் டிவிடி எங்க வீட்ல ரெண்டு பெட்டி இருக்கு, அதுல நாலு எபிசோட் சேத்து ஒரே வீடியோவா இருக்கும். அதுக்கு எஸ்01ஈ01-ஈ04ன்னு பேரு வைக்கலாம், பிளெக்ஸ் நாலு எபிசோடாவே காட்டும், ஆனா மூணாவத அழுத்தினாலும் முதல்லேர்ந்துதான் ஓடும், அம்மாவுக்கு இது பெரிய தொல்லையா இருந்துச்சு. அதனால எம்கேவிடூல்நிக்ஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல நேரத்தக் குடுத்து நாலா வெட்டிட்டேன், மறுபடி என்கோட் பண்ணாம வெட்டுறதால தரம் குறையாது, ஒரு ஃபைலுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

இப்ப நம்ம ஆளுங்களுக்குன்னே இருக்கிற பிரச்சனை, ஸ்பெல்லிங். 'எதிர்வீடு'ல இருக்கிற 'தி'க்கு ஒருத்தர் எச் சேத்து எழுதுவாரு, இன்னொருத்தர் எச் இல்லாம எழுதுவாரு, 'வீ'க்கு ஒரு ஆளு ரெண்டு ஈ போடுவாரு, ஒரு ஆளு ஒரு ஐயோட நிறுத்திடுவாரு, சேத்து எழுதுறதா பிரிச்சு எழுதுறதான்னு அது வேற. உங்களுக்கு எது சரின்னு படுதோ அத எழுதாதீங்க, டிஎம்டிபிக்குப் போய் அந்த சீரியலத் தேடி அங்க இருக்கிற ஸ்பெல்லிங்க அப்படியே காப்பி பண்ணுங்க. அப்பவும் தப்பான ஷோவ எடுத்துச்சுன்னா ஐடி நம்பரப் போட்டுடுங்க, தளத்துல அந்த ஷோ பக்கத்தோட முகவரியிலயே நம்பர் இருக்கும். பிளெக்ஸுக்கு ஃபோல்டர் பேரு கடைசில நெளிவு அடைப்புக்குள்ள இங்கிலீஷ்ல டிஎம்டிபின்னு போட்டு ஒரு ஹைஃபன் போட்டு நம்பர், ஜெல்லிஃபினுக்கு சதுர அடைப்புக்குள்ள டிஎம்டிபிஐடின்னு போட்டு ஹைஃபன், நம்பர். நான் இப்ப எல்லா சீரியலுக்கும் ஐடி போட்டுடுறேன், அதுக்கப்புறம் ஒண்ணுகூட தப்பா மேட்ச் ஆகல.

ஃபைல் பேரையே தமிழ்ல வச்சா என்னன்னு கேப்பீங்க, எனக்கும் அதுதான் ஆசை. வைக்கலாம், ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுட்டு வைங்க. பல சர்வர் ஓடுற லினக்ஸ்ல ஒரு ஃபைல் பேரு 255 பைட்டுக்கு மேல போகக்கூடாது, இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு 1 பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'கொ'ன்னு எழுதினா க ஒண்ணு, கொம்பும் காலும் சேந்த குறி ஒண்ணு, ஆக 6 பைட் போச்சு, புள்ளி வச்ச எழுத்துக்கும் அதே கணக்குதான். மொத்தம் 85 குறிதான் கிடைக்கும், சீரியல் பேரு, எபிசோட் தலைப்புன்னு நீட்டி எழுதினா சீக்கிரமே தீந்துடும். சினாலஜி கம்பெனியோட நாஸ்ல (வீட்டு நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டி) ஷேர்டு ஃபோல்டர என்கிரிப்ட் பண்ணியிருந்தா இன்னும் கம்மி, 143 பைட்தான், தமிழ்ல 47 குறி.

ரெண்டாவது விஷயம் இன்னும் குழப்பம். அதே 'கொ'வ கம்ப்யூட்டர் ரெண்டு விதமா சேமிக்கலாம், கொம்பும் காலும் ஒரே குறியா ஒரு விதம், கொம்பு தனி கால் தனின்னு இன்னொரு விதம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற பேரு. பழைய மேக் கம்ப்யூட்டர்ல இருந்த எச்எஃப்எஸ் பிளஸ்ங்கிற டிஸ்க் அமைப்பு இத எப்பவும் பிரிச்சுதான் வைக்கும், அதுலேர்ந்து நாஸுக்கு காப்பி பண்ணப்போ ஒரே பேருல ரெண்டு ஃபோல்டர் வந்து நின்னுச்சு, எத்தனை தடவ பாத்தும் எழுத்துல ஒரு வித்தியாசமும் தெரியல, ரெண்டு ராத்திரி இதுலயே போச்சு. அதனால என் யோசனை, டிஸ்க்ல ஃபோல்டர் ஃபைல் பேரு இங்கிலீஷ் எழுத்துல இருக்கட்டும், சர்வர் உள்ள போய் தலைப்ப தமிழ்ல மாத்திக்கங்க. பிளெக்ஸ்ல கையால மாத்தின தலைப்பு லாக் ஆயிடும், அப்புறம் ரெஃப்ரெஷ் பண்ணாலும் மாறாது. அம்மா பாக்கிறது டிவி திரையத்தானே, அங்க தமிழ் இருந்தா போதும்.

சப்டைட்டில் இருந்தா வீடியோவோட அதே பேரு, கடைசில இங்கிலீஷ் எழுத்துல, தமிழுக்கு புள்ளி டீஏ புள்ளி எஸ்ஆர்டி, இங்கிலீஷுக்கு டீஏ இடத்துல ஈஎன். தமிழ் அவ்வளவா வராத பேரப்பிள்ளைங்க பாட்டி பக்கத்துல உக்காந்து பாக்கிற வீட்ல இது ரொம்ப முக்கியம்.

தீபாவளி சிறப்பு நாடகம், நேர்காணல் இதெல்லாம் எந்த சீசன்லயும் சேராது, அதுக்கு 'சீசன் 00'ன்னு ஒரு ஃபோல்டர், எபிசோட் எஸ்00ஈ01. தினமும் வர நிகழ்ச்சிய தேதியிலயும் எழுதலாம், 2014-10-22ன்னு வருஷம் முதல்ல, ஆனா தளத்துல அந்த நிகழ்ச்சிக்கு தேதி பதிஞ்சிருந்தாதான் மேட்ச் ஆகும்.

மொத்தமா பேரு மாத்த விண்டோஸ்னா பவர்டாய்ஸ்ல இருக்கிற பவர்ரீநேம் இலவசம், டைனிமீடியாமேனேஜர் தளத்துல தேடி அதுவே பேரு மாத்தும், ஃபைல்பாட் காசு குடுத்து வாங்கணும். எதுல செஞ்சாலும் பிரிவியூ பாக்காம ஓகே அழுத்தாதீங்க. நான் ஒரு தடவ பாக்காம அழுத்தி இருநூத்து சொச்சம் ஃபைலுக்கு நம்பர் ஒண்ணு தள்ளிப் போச்சு, ஒவ்வொண்ணா ஓட விட்டுப் பாத்து சரி பண்ண ஒரு ஞாயித்துக்கிழமை முழுசும் ஆச்சு. முதல்ல ஒரே ஒரு சீசன மாத்தி, சர்வர்ல ஸ்கேன் விட்டு, எண்ணிக்கையும் வரிசையும் சரியா இருக்கான்னு பாத்துட்டு மத்தத செய்யுங்க. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு புள்ளி இருக்கிற கோலன், கேள்விக்குறி இதெல்லாம் பேருல வேணாம், விண்டோஸ் ஏத்துக்காது.

கடைசியா எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். சிங்கப்பூர் டிவியோட எட்டாம் ஒளிவழில சீன நிகழ்ச்சியோட தமிழும் வந்த காலம், அப்புறம் பிரைம் 12, அப்புறம் வசந்தம் சென்ட்ரல், 2008ல வசந்தம் தனி ஒளிவழியானது வரைக்கும் அப்பா விஎச்எஸ்ல பதிவு பண்ணி வச்சிருந்தாரு. நம்ம ஊரு ஈரத்துக்கு டேப்ல பூஞ்சை புடிச்சுடும், பாதி போச்சு, மிச்சத்த டிஜிட்டல் ஆக்கி சர்வர்ல போட்டேன். அதுல பல நாடகத்துக்கு தளத்துல பதிவே இல்ல, சர்வர் எவ்ளோ தேடினாலும் எதுவும் வராது. ஜெல்லிஃபினும் கோடியும் வச்சிருக்கவங்க ஷோ ஃபோல்டர்ல 'டிவிஷோ.என்எஃப்ஓ'ன்னு இங்கிலீஷ்ல பேரு வச்சு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போடலாம், தலைப்பு, வருஷம், கதைச் சுருக்கம் அதுல எக்ஸ்எம்எல் அமைப்புல எழுதினா சர்வர் அதையே எடுத்துக்கும், 'போஸ்டர்'னு ஒரு ஜேபெக் படமும் பக்கத்துல வச்சுடுங்க. நான் அதோட நிறுத்தல, டிஎம்டிபில யாரு வேணும்னாலும் இலவச கணக்கு தொடங்கி ஷோ சேக்கலாம், டேப் ஓட்டி டைட்டில் கார்டப் பாத்து நடிகர், இயக்குநர் பேரெல்லாம் எழுதி வச்சுட்டு ஒவ்வொண்ணா ஏத்திட்டு வரேன். உங்க வீட்லயும் பழைய டேப் இருந்தா ஏத்துங்க, மொழி தமிழ், நாடு சிங்கப்பூர்னு சரியா தேர்ந்தெடுங்க, தமிழ்னாலே இந்தியான்னு கை தானாப் போயிடும்.